கோவையில் சேரும் ஏடுகளும் வெள்ளாற்றங்கரை உழவனும்

(இலப்பைக்குடிக்காட்டில் உழவரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

ஒரு நூலகத்திற்குப் புதிதாய் வந்த பொத்தகங்களின் பட்டியலைப் பற்றிப் பேசுதற்கும் ஒரு கூட்டம் வேண்டுமோ என்று வினவுவார் உளர். வேண்டும். ஈண்டுப் பேசப்படுவது கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து நூலகம். அங்கு வந்து சேர்வன பொழுதுபோக்குக் கதைகள் அல்ல. இம்மண்ணின் நெல்லையும் சோளத்தையும் பருத்தியையும் வெங்காயத்தையும் பற்றிய நூல்கள். அவற்றை ஆய்ந்து பட்டம் பெற்றோர் எழுதி வைத்த ஆய்வேடுகள். சோற்றைப் பற்றிய செய்தியை உழவூரார் கேளாதிருத்தல் எங்ஙனம்?

1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளியே தன் முதல் வித்து என்று அப்பல்கலைக்கழகம் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது. பின்னர் 1906-இல் அது கோவைக்குப் பெயர்ந்தது; 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது; 1958-இல் மேற்பட்டங்களுக்கும் முனைவர் பட்டத்திற்கும் உரிய நடுவமாயிற்று; 1971-இல் தனிப் பல்கலைக்கழகமாய் நின்றது. ஒன்றரை நூற்றாண்டு! இத்துணைக் காலமும் அதன் ஆய்வுக்குக் களமாய் நின்றது தமிழ்மண். கைகொடுத்து நின்றவன் தமிழ் உழவன். ஏட்டிலேறிய மொழி மட்டும் ஆங்கிலம்.

நூலகத்தின் புதுவரவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வரிசை எண், ஆசிரியர் பெயர், நூற்பெயர், பகுப்பெண் என்று ஒழுங்காக இருக்கும். உலக நூலகங்கள் பலவற்றில் வேளாண்மைக்கு உரிய பகுப்பெண் 630. அவ்வெண்ணின் கீழ் அடுக்கப்படுவனவற்றுள் ஆய்வேடுகளே தலையாயவை. விலைக்கு வாங்கும் நூல் இலண்டனிலும் கிடைக்கும், தில்லியிலும் கிடைக்கும். ஆய்வேடோ அப்பல்கலைக்கழகத்துக்கே உரிய விளைச்சல். அவ்விளைச்சல் எங்கே விதைக்கப்பட்டது என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

வேளாண் விரிவாக்கத் துறையில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் ஊருக்கு வருகிறார். கையில் வினாப்பட்டி. வினாக்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் உழவனிடம் தமிழில்தான் கேட்டாக வேண்டும். எத்தனை ஏக்கர், எந்த விதை, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, கடன் எங்கே வாங்கினாய், ஏன் இந்தப் பயிரை விட்டாய் என்றெல்லாம் கேட்கிறார். உழவன் களத்துமேட்டில் உட்கார்ந்து, வேலையை விட்டு, உள்ளதை உள்ளபடி சொல்கிறான். அம்மாணவரும் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளையே. சொன்னவன் தமிழன்; கேட்டவன் தமிழன்; பேச்சு தமிழ்ப்பேச்சு. அன்றிரவே அவ்விடைகள் ஆங்கிலமாகி, எண்களாகி, அட்டவணையாகி, ஈராண்டில் தடித்த அட்டையிட்டுக் கோவை அடுக்கில் ஏறுகின்றன. விடை சொன்னவனுக்கு அவ்வேட்டின் ஒரு தாளும் வந்து சேர்வதில்லை. வந்தாலும் படிக்க இயலாது. கடனாகப் பெற்ற நெல்லைக் களம் கண்டபின் திருப்பித் தருவது ஊர் அறம். அறிவுக்கு மட்டும் அவ்வறம் இல்லையோ?

இன்னோர் இழப்பும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. தமிழில் நெல்லின் அடி தாள். கீரையின் அடி தண்டு. சோளத்தின் அடி தட்டு அல்லது தட்டை. கரும்பின் அடி கழி. மூங்கிலின் அடி கழை. புளிக்கும் வேம்புக்கும் அடி. இவற்றைத் தொகுத்துக் காட்டித் தமிழர் உழவறிவின் நுட்பத்தை நிறுவியவர் மொழிஞாயிறு பாவாணர். இத்தனை சொல்லும் ஆங்கில ஏட்டில் ஒரே சொல்லாய்ச் சுருங்கிவிடும். பயிரின் உள்ளே துளைக்கும் பூச்சியை உழவன் குருத்துப்பூச்சி என்பான். ஏனெனில் அவன் முதலிற் காண்பது துளையை அன்று. நட்ட சில நாளில் நடுக்குருத்து வாடிக் காய்வதையும், கதிர் வாங்கியபின் அது வெண்கதிராய் நிற்பதையும் காண்கிறான். அவன் இட்ட பெயரிலேயே நோயறியும் முறை அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் அது உதிர்ந்துபோகிறது. சின்ன வெங்காயத்தை வைக்கும் பட்டறை, ஆங்கில ஏட்டில் வெறும் 'சேமிப்புக் கட்டமைப்பு' ஆகிவிடுகிறது. அதன் தரை எவ்வளவு உயர்ந்திருத்தல் வேண்டும், காற்று எப்பக்கம் புகுதல் வேண்டும் என்பவற்றைப் பெரம்பலூர் உழவத்தி கண்ணளவில் அறிவாள்.

இம்மாவட்டத்தில் எல்லாரும் கண்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 2018 மே திங்களில் கருநாடகத்துச் சிவமொக்காப் பகுதியில் மக்காச்சோளத்தில் ஒரு புதுப்புழு கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 2016-இல் ஆப்பிரிக்காவை அடைந்து, அடுத்து இந்நாட்டில் நுழைந்த புழு. அதன் அந்துப்பூச்சி ஓரிரவில் நெடுந்தொலைவு பறக்கவல்லது. அவ்வாண்டுப் பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் கொல்லைகளில் அது குருத்தைத் தின்று தீர்த்தது. உழவர் கதறினர், அரசு இழப்பீடு அறிவிக்க நேர்ந்தது. (மக்காச்சோளம் என்னும் பெயரையும் சற்று எண்ணுக. பயிர் அமெரிக்கப் பயிர். மக்கா நகர்வழி வந்ததெனக் கருதி மக்கள் அப்பெயர் இட்டனர் என்பர். சோளம் என்னும் தமிழ்ப் பெயரைத் தலைமைச் சொல்லாக்கி, வந்த பயிரை அதன்கீழ் அடைமொழியால் அடக்கிக் கொண்டனர். எந்தக் கலைச்சொற்குழுவும் கூடவில்லை.)

அப்புழுவுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. படைப்புழு என்றனர். படையெனத் திரண்டு வந்து கொல்லையைச் சூறையாடுவது படைப்புழு. ஓரிரு திங்களில் அச்சொல் செய்தித்தாளில், மருந்துக்கடையில், ஆட்டுக்காரர் வாயில் எங்கும் பரவிற்று. தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்பார்க்கு இதனினும் பெரிய விடை வேண்டுமோ?

ஆனால் பெயர் வந்தது, அறிவு வரவில்லை. அப்புழுவை இனங்காணும் குறி யாது? தலையில் ஆங்கில எழுத்து 'ஒய்' தலைகீழாய் இருக்கும் என்று ஏடுகள் எழுதின. ஆங்கில நெடுங்கணக்கு அறியாத முதியவர் அதனை என்செய்வார்? கவைக்கோலைக் கவை கீழாகப் பிடித்தாற்போல் நெற்றியில் ஒரு வெண்கோடு. வாற்புறத்தே சதுரத்தின் நான்கு மூலைபோல் நாற்புள்ளி. இவ்வளவே. முள்வேலி கட்டும் உழவன் கவைக்கோலை அறியானா? கோடை உழவை ஆழ உழுது கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுதல், கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு இடுதல், வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ விதைத்தல், இலையின் முட்டைக் குவியலை நசுக்குதல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் என்று ஆய்வாளர் கண்ட வழிகள் பல. அவற்றுட் பல செலவு மிகுதியும் வேண்டாதவை. முதற்பருவத்தில் இவை ஊரை எட்டுமுன் பூச்சிக்கொல்லிப் புட்டிகள் எட்டின. விற்பவனுக்குத் தமிழில் பேசத் தெரிந்திருந்தது. அறிந்தவனுக்கு ஆங்கிலத்தில் எழுதத்தான் தெரிந்திருந்தது.

நூலகத்துப் பெயர் ஒன்று, வயற்பெயர் ஒன்று என்று இரண்டாய்க் கிடக்கும் நிலைமைக்கு நெல்லிலேயே நல்ல சான்று உண்டு. 1921-இல் கோவையில் ஒரு நெல் வெளியிடப்பட்டது. கோணமணி என்னும் நாட்டு நெல்லில் இயல்பாய்த் தோன்றிய திரிபு அது. அதற்கு இட்ட பெயர் சீ.இ.பி. 24. அம்மூன்றெழுத்தும் என்ன? அரசாங்கத்தின் பொருளியற் பயிரியலார் என்னும் ஆங்கிலப் பதவிப்பெயரின் முதலெழுத்துகள்! நெல்லுக்கு அலுவலர் நாற்காலியின் பெயர். உழவர் அதனை ஏற்றார் இல்லை. கிச்சிலிச் சம்பா என்று அழைத்தனர். இன்றும் அரிசிக் கடையில் அப்பெயரே வழங்குகிறது. அதன் வழிமரபைச் சற்றுக் கேளுங்கள். அந்நெல்லைக் கோ 18 என்னும் நெல்லோடு இணைத்துத் திரூர் நிலையத்தில் உண்டாக்கியது டி.கே.எம். 6. அது கடல்கடந்து பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் சேர்ந்து, ஐ.ஆர். 20-க்குத் தாய்தந்தையருள் ஒன்றாயிற்று, ஐ.ஆர். 36-இன் மரபிலும் கலந்தது. ஐ.ஆர். 36 ஒருகாலத்தில் உலகிலேயே மிகுதியான பரப்பில் விளைந்த நெல். தமிழகத்துச் சம்பா ஒன்றின் குருதி ஆசியாவின் வயலெல்லாம் ஓடிற்று. இவ்வரலாறு எத்தனை தமிழாசிரியர்க்குத் தெரியும்? எந்தப் பள்ளிப் பாடத்தில் உள்ளது? நூலக அடுக்கில் ஆங்கிலத்தில் உள்ளது.

ஆய்வு உலகறிய வேண்டும். வெளிநாட்டுத் தேர்வாளர் படிக்க வேண்டும். ஆகவே ஆங்கிலமே தகும் என்று ஒரு மறுப்பு எழும். மறுப்பில் பாதி உண்மை. வெளித்தேர்வாளர்க்கு ஆங்கிலம் வேண்டுமெனின் இருந்துவிட்டுப் போகட்டும். தமிழில் ஏன் இல்லை என்பதற்கு அது விடையாகாது. சப்பான் நாட்டைப் பாருங்கள். அந்நாட்டு அறிஞர் கொன்சிரோ இனாசுக்கா தம் நாட்டிலேயே, தம் மொழியிலேயே பணிசெய்து 1935-இல் ஒரு குள்ளக் கோதுமையை வெளியிட்டார். அதன் பெயர் நோரின் 10. நோரின் என்பது வேளாண்மையும் காடும் என்று பொருள்படும் அந்நாட்டுச் சொல். 1946-இல் அவ்விதை அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கிருந்து போர்லாக்கின் மெக்சிக்கோ வயலுக்குப் போயிற்று. அதன் வழிவந்த கோதுமையைத்தான் இந்திய அரசு 1966-இல் 18,000 டன் விதையாக இறக்கிற்று. பசுமைப் புரட்சி என்று பறைசாற்றப்பட்டதன் வேரில் ஒரு சப்பானியச் சொல் இருக்கிறது! உலகம் அச்சொல்லை மாற்றவில்லை, அப்படியே சொல்லிற்று. விதை வலிவுடையதாயின் பெயர் தானே பரவும்.

அத்தொலைவு போவானேன்? இந்நாட்டுள்ளேயே பஞ்சாப் உண்டு. இலூதியானாவிலுள்ள வேளாண் பல்கலைக்கழகம் 1962-இல் தோன்றியது. கோவைக்கு ஒன்பதாண்டே மூத்தது. அங்கே ஆய்வேட்டில் ஆங்கிலச் சுருக்கத்தோடு பஞ்சாபி மொழிச் சுருக்கமும் அச்சாகிறது. அதனால் அவர்தம் ஆய்வு தாழ்ந்ததா? கோதுமை விளைச்சல் குறைந்ததா? ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழிக்காரன் பஞ்சாபியைப் பார்த்துக் கற்க வேண்டிய நிலை வந்துற்றதே என்று நாணுவதில் பயனில்லை. கற்றுக்கொள்ளலாம்.

ஆங்கிலம் ஒருபுறம் இருக்க, வடக்கிலிருந்து வரும் பெயர்களையும் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகள் இப்போது தாளில் மட்டும் தங்குவதில்லை. 2009-இல் பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த நெறிமுறைக்குப் பின் மின்வடிவிலும் தொகுக்கப்படுகின்றன. அனைத்துத் துறை ஏடுகளின் தொகுப்புக்குச் 'சோத்கங்கா' என்று பெயர். வேளாண் ஏடுகளின் தொகுப்புக்குக் 'கிருசிகோசு' என்று பெயர். தஞ்சை நெல்லைப் பற்றிய ஏடு கங்கையில் கலக்கிறது, கிருசியில் ஒடுங்குகிறது! உழவு என்றோ வேளாண்மை என்றோ சொல்ல இந்திய ஒன்றியத்துக்கு நா எழவில்லை. பெயர் எதுவாயினும் அத்தொகுப்புகளால் நன்மை உண்டென்பதை மறுக்கலாகாது. முன்னர்க் கோவைக்கே போய்த் தூசி தட்டிப் பார்க்க வேண்டிய ஏட்டை இன்று இணையத்தில் இவ்வூரிலிருந்தே திறக்கலாம். திறந்தபின் உள்ளே இருப்பது ஆங்கிலம். பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவை அடைத்துவைத்தாற்போலும்.

வாலிகண்டபுரத்தில் இம்மாவட்டத்து உழவர்க்கான வேளாண் அறிவியல் நிலையம் உளது. அத்தகைய நிலையங்களுள் இந்தியாவில் முதலாவது 1974-இல் புதுச்சேரியில், கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே தொடங்கப்பெற்றது. அதாவது, ஆய்வை வயலுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டின் தொடக்கமே தமிழ்மண்ணில்தான். பலகையில் மட்டும் 'கிருசி விக்யான் கேந்திரா'.

கோவை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நடுவுநிலை ஆகாது. 'வளரும் வேளாண்மை' என்னும் திங்களிதழ் பல்லாண்டாக அங்கிருந்து தமிழில் வருகிறது. அதன் இணையத்தளமும் தமிழில் உண்டு. 2021-இல் வேளாண்மை, தோட்டக்கலை ஆகிய இளம் அறிவியல் பட்டப்படிப்புகள் தமிழ்வழியிலும் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. அதனை வாயார வாழ்த்துவோம். ஆனால் தமிழ்வழியில் பயிலும் மாணவன் நூலகத்துட் புகுந்தால் என்ன காண்பான்? பாடநூல் நாலைந்து தமிழில்; அதற்கு மேல் அடுக்கடுக்காய் ஆங்கிலம். மேற்படிப்புக்குப் போனால் ஏடு எழுத மீண்டும் ஆங்கிலம். கீழ்ப்படியில் தமிழ், மேற்படியில் ஆங்கிலம் என்றால் ஏறுகிறவன் கீழ்ப்படியை மிதித்துத் தாண்டவே பார்ப்பான். தமிழ்வழிக் கல்வியை வாழ்விப்பதும் மாய்ப்பதும் நூலகத்து அடுக்கே.

தமிழ்ப் பற்றாளர்க்கும் இங்கே ஒரு கடமை உண்டு. அறையுள் அமர்ந்து அகரமுதலியைப் புரட்டிக் கலைச்சொல் ஆக்குவோர் சிலர், வயலில் வழங்கும் சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை. உழவன் நாற்றங்கால் என்பான். புலவர் அதற்கு மேலும் ஒரு சொல்லைப் படைப்பார். வேண்டாத உழைப்பு. பல்லாயிரம் தூய தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே சேற்றில் நின்று கொண்டிருக்கின்றன. அவற்றைக் கைதூக்கி ஏட்டில் ஏற்றினாற் போதும். திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் புழுதி எவ்வளவு காய வேண்டும் என்பதைப் தொடி, கஃசு என்னும் எடையளவுகளால் சொல்லியிருக்கிறார். மண்ணின் ஈரத்தை அளவையாற் கூறிய மொழிக்கு அளவை நூல் புதிதன்று.

இலப்பைக்குடிக்காட்டில் இதனைச் சொல்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. லகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஊர்ப்பலகை எவ்வாறு எழுதினும் தமிழ்நா இகரம் சேர்த்தே ஒலிக்கும். குடிக்காடு என்பது காடு திருத்திக் குடியமர்ந்தோர் ஊர் என்று தானே பொருள் சொல்லும். இசுலாமியத் தமிழர் அரபு எழுத்தைக் கற்றனர். அவ்வெழுத்திலே தமிழை எழுதினர். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். எழுத்து அயல் எழுத்தாயினும் மொழி தமிழாகவே இருந்தது. வீட்டுப் பெண்டிரும் சிறாரும் பொருளுணர வேண்டும் என்பதே காரணம். தொழுகை மொழியை மதித்தவர்களே தாய்மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போனவர்களும் வீட்டுக்குத் தமிழிலேயே மடல் எழுதினர். பல்கலைக்கழகத்து அறிஞர்க்கு மட்டும் வீட்டாரோடு பேச வேறு மொழி எதற்கு?

நூலகம் யாருக்கு? இவ்வினாவுக்கு விடைகண்டவர் சீர்காழியிற் பிறந்த தமிழர், நூலகத் தந்தை அரங்கநாதன். நூல் பயன்படுவதற்கே உரியது, படிப்போர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும் என்னும் நெறிகளை அவர் 1931-இல் உலகுக்கு வகுத்துத் தந்தார். அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபையார் என்னும் பெருமகனார் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக்கி ஊரூராய் ஓட்டினார். ஏர்மாடு இழுத்த நூலகம்! 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதற்கு முன்னோடி இல்லை. அன்று முதல் வீட்டுவரியோடு நூலகவரியும் தண்டப்படுகிறது, இவ்வூராரும் செலுத்துகின்றனர். 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழும்பிற்று. கட்டடம் உண்டு; வரி உண்டு; கோவையில் ஏடு உண்டு. இடையில் இல்லாதது இருபது பக்கத் தமிழ்.

இருபது பக்கம் போதும். முனைவர் பட்டத்திற்கோ மேற்பட்டத்திற்கோ வரும் ஒவ்வோர் ஆய்வேட்டோடும், ஆய்ந்தவரே எழுதிய தமிழ்ச் சுவடி ஒன்று வரவேண்டும். என்ன ஆய்ந்தார், எவ்வூரில் ஆய்ந்தார், என்ன கண்டார், உழவன் அதனால் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பவை அதில் இருத்தல் வேண்டும். உழவர் வழங்கிய சொற்களைப் பின்னிணைப்பாகத் தொகுத்தல் வேண்டும். அச்சுவடி இன்றிப் பட்டம் இல்லை என்று விதி செய்தல் வேண்டும். விருப்பம் உடையோர் எழுதலாம் என்று விட்டால் எவரும் எழுதார். எழுதியதைத் தமிழாசிரியர் ஒருவரும் உழவர் ஒருவரும் படித்துப் பார்த்து, விளங்குகிறது என்று கையொப்பம் இடல் வேண்டும். புதுவரவுப் பட்டியல் வெளிவரும்போது அதன் தமிழ்ப் படி மாவட்ட நூலகத்துக்கும் கிளை நூலகங்களுக்கும் வாலிகண்டபுரம் நிலையத்துக்கும் வரவேண்டும்.

பழைய ஏடுகளையும் விட்டுவிடலாகாது. முதற்கட்டமாக இவ்விரு மாவட்டத்துக் கொல்லைகளுக்கு உரியவற்றை எடுக்கலாம். மக்காச்சோளப் படைப்புழு, சின்ன வெங்காயத் திருகல் நோய், வெங்காயப் பட்டறை, கரிசல்மண் மானாவாரிப் பருத்தி, வெள்ளாற்றுப் பாசன நெல் ஆகியவை பற்றிய ஆய்வுகளைத் தேடித் தமிழாக்கலாம். ஓய்வுபெற்ற வேளாண் அலுவலரும் தமிழாசிரியரும் சேர்ந்து அமர்ந்தால் இது கோடைவிடுமுறை வேலை.

பல்கலைக்கழகத் துணைவேந்தர்க்கும் பொது நூலக இயக்குநர்க்கும் அனுப்ப வேண்டிய வேண்டுகோள் தாள் இப்போது அவையில் சுற்றி வருகிறது. ஒப்பமிடுவோர் பெயரைத் தமிழில் எழுதுக. முன்னெழுத்தையும் தமிழிலேயே இடுக. நிலம் உடையோர் என்ன பயிர் செய்கின்றனர் என்பதையும் பெயரின் பக்கத்தில் குறிக்க.